மண்ணிடம் கேட்டுவிட்டு மனையைக் கட்டுவோம்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பது நம் முன்னோர் வாக்கு. இதில் வரும் 'கட்டிப் பார்' என்ற சொல்லைச் செலவோடும் அலைச்சலோடும் மட்டுமே சேர்த்து நான் நெடுங்காலம் புரிந்துகொண்டிருந்தேன். வங்கிப் பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ குடும்பங்களின் வீட்டுக் கடன் விண்ணப்பங்கள் என் மேசைக்கு வந்துள்ளன. பத்திரம், பட்டா, வில்லங்கம், மதிப்பீடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையொப்பமிட்டிருக்கிறேன். ஆனால் ஒரு நிலத்தை வீட்டுக்கு ஏற்றதாக்குவது என்றால் உண்மையில் என்ன என்பதை, ஓய்வு பெற்ற பிறகு என் சொந்த மனையில் நின்றபோதுதான் கற்றுக்கொண்டேன். கற்பதற்குள் ஒரு தவறும் செய்தேன். புதுமனை எழுப்பும் எண்ணத்தில் இருக்கும் அன்பர்களுக்கும், பிள்ளைகளுக்காக மனை பார்க்கும் பெரியவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால், அந்தத் தவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

புயல் சாய்த்த தோப்பு

எங்கள் ஊர் அதிராம்பட்டினம். தஞ்சை மாவட்டத்தின் தென்கோடியில், காவிரி நீரின் கடைமடையும் கடலும் சந்திக்கும் ஊர். ஒரு பக்கம் தென்னந்தோப்பும் நெல்வயலும். மறுபக்கம் உப்பளமும், முத்துப்பேட்டை வரை நீளும் அலையாத்திக் காடும். ஊரின் நடுவே அருள்புரிகிறார் அபயவரதீஸ்வரர். அஞ்சி வந்தவர்க்கு அபயமும் வேண்டியவர்க்கு வரமும் தருபவர். திருவாதிரை நட்சத்திரத்தில் பிறந்தோர் தேடிவந்து வழிபடும் தெய்வம். அம்பிகை சுந்தரநாயகி. தந்தையார் விரல் பிடித்து நான் முதன்முதலில் வலம் வந்த சந்நிதி அது.

ஊருக்கு வெளியே எங்களுக்கு ஒரு மா நிலம் உண்டு. இக்கால இளைஞர்களுக்கு 'மா' என்றால் புரியாது. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. சென்ட் கணக்கில் ஒரு மா என்பது ஏறத்தாழ 33 சென்ட். அதில் தந்தையார் வைத்து வளர்த்த தென்னைகள் இருபத்திரண்டு நின்றன. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது, அந்த இருபத்திரண்டில் பத்தொன்பது ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிராம்பட்டினம் பகுதிகளில் இந்தக் கதை எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. பிள்ளையைப் போல வளர்த்த தென்னைகள் கிடந்த கோலத்தைக் கண்டு ஊரே அழுதது.

பின்னர் உடன்பிறந்தோர் நால்வரும் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டோம். என் பங்குக்கு எட்டு சென்ட் வந்தது. அகலம் நாற்பது அடி, நீளம் எண்பத்தேழு அடி. தஞ்சாவூரில் வாடகை வீட்டில் இருந்த எனக்கும் என் மனைவிக்கும், கடைசிக் காலத்தில் அபயவரதீஸ்வரர் கோயில் மணியோசை கேட்கும் ஊரில் சிறு வீடு ஒன்று கட்டிக்கொண்டு இருந்துவிட வேண்டும் என்ற ஆசை எழுந்தது.

முதலில் காகிதங்கள்

வாழ்நாள் முழுதும் காகிதங்களோடு வாழ்ந்தவன் என்பதால் இந்தப் பகுதி எனக்குக் கடினமாக இல்லை. ஆயினும் வாசகர் பலர் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பத்திரம் ஒன்றை மட்டும் நம்பி மனை வாங்கக் கூடாது. விற்பவருக்கு அந்தச் சொத்து எப்படி வந்தது என்பதைக் காட்டும் தாய்ப் பத்திரங்களைத் தொடர்ச்சியாகப் பார்க்க வேண்டும். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது நல்லது. பட்டாவில் உள்ள பெயரும் பரப்பும் பத்திரத்தோடு ஒத்துவருகின்றனவா, புலப்படத்தில் உள்ள அளவு தரையில் இருக்கிறதா என்பவற்றை நில அளவரைக் கொண்டு உறுதிசெய்ய வேண்டும். அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று உத்தரவிட்டது பலருக்கு நினைவிருக்கும். 'விலை மலிவு' என்று அத்தகைய மனைகளை வாங்கியவர்கள் பட்ட பாட்டை நான் வங்கியில் நேரில் கண்டவன். கடலோர ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். 1991 முதல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் நடைமுறையில் உள்ளன. உயர் அலைக் கோட்டுக்கு அருகில் மனை இருந்தால், அனுமதி உண்டா என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே முன்பணம் தர வேண்டும்.

பக்தர்களாகிய நாம் கூடுதலாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது கோயில் நிலமா? நம் பக்கத்தில் மன்னர்களும் மக்களும் கோயில்களுக்கு எழுதிவைத்த நிலங்கள் ஊருக்கு ஊர் உள்ளன. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டப்படி, அத்தகைய நிலத்தை உரிய அனுமதியின்றி யாரும் விற்க முடியாது. தெரியாமல் வாங்கிவிட்டேன் என்றால் சட்டமும் விடாது, மனமும் விடாது. 'சிவன் சொத்து குல நாசம்' என்று நம் பாட்டிமார் சொன்னதை நினைவில் வைத்து, நிலத்தின் பழைய பதிவேட்டை ஒருமுறை பார்த்துவிடுவது நலம்.

மண் சொன்ன செய்தி

அடுத்தது மண். வராகமிகிரர் தமது பிருகத் சம்ஹிதையில் மனைச் சோதனை ஒன்றைக் கூறுகிறார். நிலத்தின் நடுவே ஒரு முழ அளவில் குழி தோண்டி, எடுத்த மண்ணையே மீண்டும் இட வேண்டும். மண் மிஞ்சினால் உத்தமம், சமமாக நின்றால் மத்திமம், குறைந்தால் ஆகாது. அதே குழியில் நீர் நிரப்பி, நூறு அடி நடந்து திரும்பி வந்து பார்க்கும்போது நீர் குறையாதிருந்தால் நல்ல நிலம். நிலத்தை உழுது, விதைத்து, பயிர் விளைந்து, பசுக்கள் தங்கிய பிறகே அங்கு வீடு எழுப்ப வேண்டும் என்ற நெறியும் வாஸ்து சாஸ்திரத்தில் உண்டு. நிலத்தை அவசரப்படாமல் சில காலம் கூடவே இருந்து பார் என்பதே இதன் உட்பொருள் என எனக்குத் தோன்றுகிறது.

என் மனையில் தோண்டிய குழி சமமாக நின்றது, மத்திமம். அதோடு நிற்காமல் கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்து மண் பரிசோதனையும் செய்தேன். பழைய நூலின் சோதனை மேல்மண்ணின் குணத்தைக் காட்டும். வீட்டின் பாரத்தைத் தாங்குவது கீழ்மண். நான்கு அடிக்குக் கீழே கருங்களி இருந்தது. டெல்டாக்காரர்களுக்கு இந்தக் களியைத் தெரியும். நடவுக்கு இதைவிடச் சிறந்த மண் இல்லை. ஆனால் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, சுவர்களை விரிசலிட வைக்கும். ஆகவே அஸ்திவாரத்தை ஆழமாக இறக்கி, களியின் மேல் மணல் நிரப்பி, அடிமட்டத்தில் சுற்றிலும் இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட் பீம் போட வேண்டும் என்றார் பொறியாளர்.

சாய்ந்த தென்னைகள் விட்டுச்சென்ற வேலையும் இருந்தது. என் பங்கில் ஐந்து அடிக்கட்டைகள் பாதி மக்கிக் கிடந்தன. மண்ணுக்குள் எலும்பு, கரி, மரத்துண்டு போன்றவை இருப்பதை நம் சாஸ்திரம் 'சல்லிய தோஷம்' என்று கூறி, அவற்றை அகற்றிய பிறகே கட்டச் சொல்கிறது. பொறியாளரும் அதையேதான் வேறு சொற்களில் சொன்னார். மக்கும் கட்டை இருந்த இடம் நாளடைவில் உள்வாங்கும், கரையான் சேரும், காண்டாமிருக வண்டு அதில் பெருகி அக்கம்பக்கத்துத் தென்னைகளையும் கெடுக்கும். ஐந்தையும் வேரோடு எடுத்துவிட்டு, குழிகளில் மணலை அரை அடி அரை அடியாக இட்டு, நீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கினோம். ஒரே தடவையில் கொட்டி மூடினால் ஈராண்டில் தரை இறங்கிவிடும்.

தண்ணீரையும் சோதித்தோம். இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் குளோரைடு எனும் உப்புச்சத்து லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் ஆழ்குழாய் நீர் அந்த அளவைத் தாண்டியிருந்தது. உப்பு நீரில் குழைத்த கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து வீங்கி, சில ஆண்டுகளிலேயே கூரைப் பூச்சு பெயர்ந்து விழும். கடலோர ஊர்களில் பல வீடுகளில் கண்ட காட்சிதான். ஆகவே கட்டுமானத்துக்கு நல்ல நீரை வெளியிலிருந்து கொண்டுவருவதென்று முடிவு செய்தோம்.

இரண்டு வண்டி மண்

இத்தனையும் சரியாகச் செய்தவன் தவறிய இடத்தை இனிச் சொல்கிறேன்.

என் மனையின் மேற்கு ஓரமாக நீளவாக்கில் ஒரு பழைய வாய்க்கால் இருந்தது. புயலில் விழுந்த மட்டைகளும் கோரையும் மூடி, பார்ப்பதற்கு வெறும் பள்ளம்போலத்தான் இருக்கும். புலப்படத்தில் அது தனி உட்பிரிவாக இல்லை. என் பட்டாவுக்குள்ளேயே அடங்கியிருந்தது. கரையையும் சேர்த்தால் எட்டு அடி அகலம். எண்பத்தேழு அடி நீளத்துக்குக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 700 சதுர அடி. நாற்பது அடி அகல மனையில் எட்டடி போனால் எஞ்சுவது முப்பத்திரண்டு. என் மகன் வரைந்து அனுப்பிய வரைபடத்தில், அந்த இடத்தில்தான் அவனும் மருமகளும் பேரக்குழந்தைகளும் வந்தால் தங்கும் அறை இருந்தது. "எல்லாரும் தூர்த்துத்தானே கட்டியிருக்காங்க, அப்பா" என்றான். புரட்டாசி மாதம் ஒரு காலையில் இரண்டு வண்டி மண் கொண்டுவந்து வாய்க்காலில் கொட்டச் சொன்னேன்.

மூன்றாவது வண்டி வருவதற்குள், கிழக்கே நாலைந்து வீடுகள் தள்ளி வசிக்கும் முதியவர் ஒருவர் கோலூன்றி வந்தார். எங்கள் ஊரில் இஸ்லாமியப் பெரியவர்களைக் 'காக்கா' என்று அழைப்போம். அண்ணன் என்று பொருள். என் தந்தையாருக்கு நெருங்கிய தோழர்.

"தம்பி, ஒங்க அப்பா வருசா வருசம் ஆடி மாசத்துல ஆள விட்டு இந்த வாய்க்கால வெட்டி விடுவாங்க. நீங்க வெளியூர்ல வேலையா இருந்தீங்க, ஒங்களுக்குத் தெரியாது" என்றார்.

"இது பட்டா நிலந்தான், காக்கா" என்றேன்.

"பட்டாவ நான் கேக்கல, தம்பி. ஐப்பசி மழை பேஞ்சா கிழக்க உள்ள தண்ணியெல்லாம் எங்க போகும்? அத மட்டும் சொல்லுங்க."

எனக்கு விடை தெரியவில்லை. விடை தெரியாத கேள்விக்குக் கடன் வழங்காதவன் நான். வண்டியைத் திருப்பி அனுப்பினேன். ஆனால் கொட்டிய மண்ணை அள்ளச் சொல்லவும் அன்று மனம் வரவில்லை. இருபது ஆண்டுகளாகத் தடையின்றி நீர் ஓடிய வழிக்கு அயலாரின் உரிமை ஏற்படக்கூடும் என்று 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் சொல்வதை நான் அறிவேன். அறிந்தும், வழக்கு என்று யார் போகப் போகிறார்கள் என்றொரு எண்ணம் உள்ளே ஓடியது. அதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

புகலூரில் ஒரு செங்கல்

அந்த வாரமே, முன்பே எண்ணியிருந்தபடி, நானும் மனைவியும் திருப்புகலூர் சென்றோம். நன்னிலத்தை அடுத்த அகழி சூழ்ந்த திருத்தலம். இறைவன் அக்னீஸ்வரர், அம்பிகை கருந்தார்குழலி. புதுமனை கட்டுவோர் செங்கல்லைக் கொண்டுபோய்ச் சந்நிதியில் வைத்து வழிபட்டு, அதைக் கொண்டுவந்து தம் மனையில் பதிப்பது அங்குள்ள வழக்கம்.

அதன் காரணம் அன்பர்கள் அறிந்ததே. திருவாரூர்ப் பங்குனி உத்திர விழாவில் பரவை நாச்சியார் செய்யும் அறச் செலவுக்குப் பொன் வேண்டிச் சுந்தரமூர்த்தி நாயனார் இத்தலத்துக்கு வந்தார். களைப்பு மேலிட, அங்கே திருப்பணிக்காக வைத்திருந்த செங்கற்களைத் தலைக்கு வைத்துத் துயின்றார். விழித்தபோது செங்கற்கள் பொன்னாகியிருந்தன. நாங்களும் செங்கல்லை வைத்து வணங்கினோம். 'எங்கள் செங்கல்லும் பொன்னாகட்டும்' என்பதுதான் அப்போது என் வேண்டுதல்.

பிராகாரத்தை வலம் வரும்போது அப்பர் பெருமானின் நினைவு வந்தது. அவர் முக்தி அடைந்ததும் இதே திருப்புகலூரில்தான், சித்திரைச் சதயத்தில். வயது முதிர்ந்த நிலையிலும் கையில் உழவாரம் ஏந்தி, கோயில் வெளியில் புல் செதுக்கி நிலத்தைத் தூய்மை செய்துகொண்டிருந்தார். அவருடைய பற்றின்மையை உலகுக்குக் காட்ட, அவர் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னும்படி இறைவன் செய்தான். அப்பர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார்.

ஒரே ஊர். ஓரடியாருக்குச் செங்கல் பொன்னானது. இன்னோரடியாருக்குப் பொன் வெறும் கல்லானது. இருவருக்கும் அருளியவன் ஒருவனே. சுந்தரர் கேட்ட பொன் அவருக்காக அன்று, ஊர்கூடும் திருவிழாவுக்கு. அப்பர் செதுக்கிய நிலமும் அவருடையதன்று. ஊர்மக்கள் வலம் வரும் திருமுற்றம். நானோ ஊருக்குப் பொதுவாக ஓடிய நீர்வழியை என் அறையாக்கிக்கொண்டு, அதன்மேல் வைக்கச் செங்கல்லுக்கு அருள் கேட்டு நிற்கிறேன். அகழிக் கரையில் அமர்ந்து மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பேரப்பிள்ளைங்க கூடத்துல பாய் விரிச்சுப் படுத்துக்கட்டும். நாமெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம்" என்றாள். முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

மழை நடத்திய சோதனை

ஊர் திரும்பிய மறுநாள் இரண்டு வண்டி மண்ணையும் ஆள் வைத்து அள்ளினோம். வாய்க்காலைத் தூர்வாரி, கரையைச் செப்பனிட்டோம். மகனுக்கு வருத்தம்தான். இரண்டு நாள் தொலைபேசியில் சரியாகப் பேசவில்லை. பிறகு முப்பத்திரண்டு அடி அகலத்துக்குள் புதிய வரைபடம் ஒன்றை அவனே அனுப்பிவைத்தான். கீழே ஒரு படுக்கையறை குறைந்திருந்தது.

பொறியாளர் கட்டட வேலையை உடனே தொடங்க வேண்டாம் என்றார். ஒரு மழைக்காலம் நிலத்தின்மேல் போகட்டும். நிரப்பிய குழிகள் இறங்குவதானால் இப்போதே இறங்கட்டும் என்பது அவர் யோசனை. காத்திருந்தோம். ஐப்பசியில் ஒரு நாள் இரவு முழுதும் அடைமழை. விடிந்ததும் குடையோடு மனைக்குப் போனேன். கிழக்கேயிருந்து செம்மண் நிறத்தில் வந்த வெள்ளம், வாய்க்கால் நிறைய, மனையில் ஓரடிகூட ஏறாமல் குளத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. தூர்த்திருந்தால் அது எங்கே திரும்பியிருக்கும் என்று பார்த்தேன். கிழக்கே தாழ்ந்து கிடக்கும் நாலைந்து வீடுகளின் வாசலுக்கும், என் அஸ்திவாரத்தின் அடியில் இருக்கும் அந்தக் கருங்களிக்கும்தான். பிறருக்குச் செய்யவிருந்த தீங்கு முதலில் என் வீட்டையே விரிசலிட வைத்திருக்கும். காக்கா தம் வீட்டு வாசலில் நின்றபடி கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். வேறு பேச்சு தேவைப்படவில்லை.

வாஸ்து நாளும் பூமி பூஜையும்

பூமி பூஜைக்குத் தை மாதம் 12-ஆம் நாளைத் தேர்ந்தோம். ஆண்டில் எட்டு நாள்களில் வாஸ்து புருஷன் துயிலெழுவதாகப் பஞ்சாங்கம் குறிக்கும்: சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி மாதங்களில் வாஸ்து நாள் இல்லை. அவர் விழித்திருப்பது மூன்றே முக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடம். பல் துலக்கல், நீராடல், பூஜை, போஜனம், தாம்பூலம் என ஐந்து செயல்களுக்கும் பதினெட்டு நிமிடம் வீதம். போஜனமும் தாம்பூலமும் ஆகும் கடைசி 36 நிமிடங்களே பூஜைக்குச் சிறந்தவை. அன்றைய நேரத்தை உங்கள் ஊர்ப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். திசை, குழி முதலியவற்றில் குடும்ப வழக்கத்தையும் குருக்கள் சொல்வதையும் பின்பற்றுங்கள்.

அதிகாலையில் அபயவரதீஸ்வரரை வணங்கிவிட்டு மனைக்கு வந்தோம். பிள்ளையார் பூஜைக்குப் பின் குழியில் நவதானியமும் பாலும் இட்டு, புகலூர்ச் செங்கல்லைப் பதித்தோம். குருக்கள் பூமாதேவியிடம் பொறுத்தருள வேண்டும் மந்திரத்தைச் சொல்லி, அந்த நிலத்தில் இதுவரை வாழ்ந்த உயிர்களெல்லாம் எங்களை மன்னித்து வேறிடத்தில் நலமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளச் சொன்னார். சிறு வயதிலிருந்து எத்தனையோ பூமி பூஜைகளில் அந்த வேண்டுதலைக் கேட்டிருக்கிறேன். அன்றுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. நாம் 'காலி மனை' என்கிறோம். எந்த மனையும் காலியாக இருப்பதில்லை. எறும்பும் ஓணானும் அங்கே குடியிருக்கின்றன. மழை நீர் அதன்மேல் நடந்துபோகிறது. நமக்கு முன் உழைத்தவர்களின் வியர்வையும் அதில் கலந்திருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள்தாம் நாம்.

நிலத்தைத் தயார் செய்வது என்பது புதரை வெட்டி, மேட்டைக் குறைத்து, பள்ளத்தை நிரப்புவது மட்டுமன்று. இது யாருக்கு உரியது, எதைத் தாங்கும், இதன் வழியே எது போகிறது என்ற மூன்று கேள்விகளை நேர்மையாகக் கேட்பது. முதலாவதற்குக் காகிதமும், இரண்டாவதற்கு மண் பரிசோதனையும் விடை தரும். மூன்றாவதற்கு விடை தருபவர்கள் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள். மனை வாங்கும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நீங்களே ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போங்கள். வயது முதிர்ந்த ஒருவரைத் தேடி, "மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" என்று கேளுங்கள். முடிந்தால் ஓர் ஐப்பசி கார்த்திகையை அந்த மனை காணும்வரை காத்திருங்கள்.

இப்போது வீடு கட்டி முடிந்து குடிவந்துவிட்டோம். புயலுக்குத் தப்பிய மூன்று தென்னைகளுள் ஒன்று என் பங்கில், வாய்க்கால் கரையிலேயே நிற்கிறது. ஆடி பிறந்தால் ஆள் விட்டு வாய்க்காலை வெட்டுகிறேன். கோடை விடுமுறையில் வரும் பேரக்குழந்தைகள் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே எனக்கும் ஓர் இடம் போட்டுவைக்கிறார்கள்.

அபயம் தரும் ஈசன் எல்லோர் மனையிலும் நிலைத்த நலம் அருள்வானாக.